மசக்கை என்று சொன்ன வீடு

— கருமாதியும் முடிஞ்சுது. இப்பவாவது சொல்லும்மா. இருபது நாள் விடாம வாந்தி எடுத்திருக்கா வானதி. ஒரு நாளாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவத் தோணலையா?

— மசக்கைன்னு இருந்துட்டேன் மதி. கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு மருமக வாந்தி எடுத்தா, மாமியாக்காரி வேற என்னத்தடா நெனைப்பா? நீயும் கொழந்தை வைத்தியத்துக்குன்னுதான அவள மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போன?

— அது பொய்ம்மா.

— பொய்யா?

— எடை கொறைக்கிற ஆபரேஷன். இரைப்பைய வெட்டிச் சின்னதாக்கிடுவாங்க. எடை கொறைஞ்சா புள்ள தங்கும்னாங்க. அம்மாகிட்ட மூச்சு விடாதன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் நான் சிங்கப்பூருக்கு ஏறினேன்.

— பெத்தவகிட்ட மறைக்கிற அளவுக்கு நான் என்னடா பண்ணிட்டேன்?

— அவ கூடத்துக்கு வந்தா, ‘நெல்லுப் பத்தாயம் நகந்து வருது, வழி விடுங்க’ன்னு சொல்றது யாரு? ஆபரேஷன்னு தெரிஞ்சா, ‘தின்னு கொழுத்ததுக்குக் கத்தியா’ன்னு கேட்டிருப்ப.

— கேலிக்குச் சொன்னதுடா. அவளுந்தான் சிரிப்பா.

— ஒன் முன்னாடி சிரிப்பா. போன்ல அழுவா.

— எனக்குத் தெரியாதே அது.

— கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு சொன்னாளாமே?

— சொன்னா. பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள், ‘அப்ப ரெட்டைப் புள்ளதான் அமிர்தம்’னா. எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் வழுக்கு வரப்புல நடக்கறவளாட்டம் வீட்டுக்குள்ளயே தள்ளாடினா. புள்ளத்தாச்சிக்குக் கிறுகிறுப்பு சகஜம்னு குளுக்கோஸ் கரைச்சுக் கொடுத்தேன்.

— சாப்பாடு தங்காம ஒரு வைட்டமின் அத்துப்போச்சாம்மா. அதுல மூளை கெட்டுப்போச்சாம். அபூர்வமா யாருக்கோதான் வருமாம். மொத வாரமே வந்திருந்தா ஊசியிலயே தேறியிருப்பாங்கன்னு, கடைசியா அவளச் சேத்த தஞ்சாவூர் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்றாரு. ‘ஆபரேஷன் ஆனத வீட்டுல யாரும் சொல்லலையா’ன்னாரு.

— கடைசியில என்னையே அடையாளம் தெரியலடா அவளுக்கு. நாத்துப் பறிக்க வந்த ஆளுன்னு நெனைச்சு, ‘காப்பி குடிச்சீங்களா’ன்னு கேட்டா.

— நான் வந்து நின்னப்ப அதுகூடக் கேக்கல. சட்டைய எடுத்துக் குடு, முத்துப்பேட்டைக்குப் போறேன்.

— அவ அப்பா வீட்டுக்கா? இப்ப எதுக்கு?

— கால்ல விழுந்து, ‘ஒங்க பொண்ணக் கொன்னது நான்தான்’னு சொல்லிட்டு வந்துடறேன். அந்த மனுசன் ஒன்ன ஏசிட்டிருக்காராம். நீ தெரியாம செஞ்ச. நான் தெரிஞ்சு அவ வாயக் கட்டினேன்.

— போவாத மதி.

— கைய விடும்மா. இது நான் சொமக்க வேண்டியது.

— இல்லடா. வாந்தி ஆரம்பிச்ச பத்தாம் நாளே அவ தீட்டு வந்து தூரமாயிட்டா. ‘அத்தை, புள்ள இல்ல, எனக்கு வேற என்னமோ பண்ணுது, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்’னு கையப் புடிச்சா. தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாச்சு, ஊரு சிரிக்கும், இன்னும் கொஞ்ச நாள் பேசாம படுத்துக் கெட, அப்புறமாக் கலைஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கலாம்னு நான்தான்டா சொன்னேன்.