தாங்கியில் அடங்காத கருந்துளை

வளைந்த வெளியை வகுப்பறைக்கு வரவழைத்த வித்தகரே! ஓமந்தூர் ஈன்ற உயர்கணிதச் செல்வியே! திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரத்தில் இறங்குவதற்குள் ஒரு தேற்றத்தைத் தீர்த்துவிடும் திறலோரே! எங்கள் கணிதத் துறைப் பேராசிரியர் முனைவர் ஜெயம் அம்மையாரே! வணக்கம்.

உள்ளே போன ஒளியும் ஊர் திரும்பாத கருந்துளையின் எல்லையை ஆயுளெல்லாம் ஆராய்ந்தீர்கள். சுழலும் கருந்துளையின் எல்லை உருண்டையன்று. எடை மாறாதவரை எத்துணை வேகமாகச் சுழன்றாலும் இடுப்புச் சுற்றளவு மாறாது, உச்சியும் அடியுமே தட்டையாகும் என்று முப்பது ஆண்டுகள் முழங்கினீர்கள். தாங்கள் பலகையில் விட்டுச்சென்ற வட்டங்களைக் கண்டு, கோலப்போட்டி நடந்ததோ என்று வணிகவியல் துறையினர் கேட்டதும் உண்டு.

இவ்வாண்டு தங்களை ஒரு கவலை பிடித்தது. தாங்கள் ஓய்வு பெற்றபின் வளைவெளி வடிவியலை நடத்த ஆளில்லையென்றால் அந்த விருப்பப் பாடத்தையே நிறுத்திவிடலாம் என்று பேச்சு எழுந்தது. "நான் போறதுக்கு வருத்தமில்லைங்க. என்கூட இந்தப் பேப்பரும் போயிடுமேன்னுதான் பேஜாரா இருக்குது" என்று ரயிலில் சொன்னீர்கள்.

பாடத்துக்கு ஆள் தேடாமல் நாங்கள் பரிசு தேடக் கிளம்பினோம். நண்பர் திருமுருகன் கருங்கல் பட்டறையில் பளபளக்கும் உருண்டை ஒன்றைக் கருந்துளையின் மாதிரியாகத் தேக்குத் தாங்கியோடு செய்வித்தார். ரகசியம் தங்காத துறை இது, தாங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"இன்னா சார், உருண்டையாப் பண்ணிக்கினு வந்துட்டீங்க! இதத்தானே இத்தினி வருசமா இல்லன்னு சொல்லிக்கினு இருக்கேன்?"

தட்டையாக்கித் தருகிறோம் என்றோம். அதற்கும் சிரித்தீர்கள். தாங்கள் ஆராய்ந்ததோ மிக வேகமாகச் சுழல்வது. அதன் உச்சியைச் சுற்றி வட்டமிட்டால் சுற்றளவு ஆரத்துக்கு உரியதைவிட மிஞ்சிவிடும். பொரித்த அப்பளம்போல் நெளிந்தால்தான் நம் வெளியில் அடங்கும், அதுவோ நெளியாது. எனவே எந்தக் கல்லிலும் அதை முழுதாக வடிக்க முடியாது என்றீர்கள்.

உதவிப் பேராசிரியர் கலைப்பிரியா மட்டும் நம்பவில்லை. தங்கள் கணக்கில் பிழை பிடிப்பதென்றே உட்கார்ந்தார். பிடிவாதமாகப் போட்டுப் பார்த்தவருக்கு உச்சியின் வளைவு எதிர்க்குறியோடுதான் வந்தது. பிழை தேடிப் போனவர் பாடத்தையே கற்றுத் திரும்பினார். "பேப்பர நானே எடுக்கிறேங்க. மேடத்துக்கிட்ட இப்ப சொல்லாதீங்க" என்றார். அந்த ஒரு ரகசியத்தை மட்டும் எப்படியோ காத்துவிட்டோம்!

அன்னையே! கல் உருண்டை இப்போது திருமுருகன் மேசையில் காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது. தேக்குத் தாங்கியைத் தங்களுக்கு வெறுமையாகவே அளிக்கிறோம். அதில் வைக்க வேண்டியது எந்தப் பட்டறையிலும் கிடைக்காது என்பதை இன்று நாங்கள் அனைவரும் அறிவோம்.

நோய் அணுகாமல், நூறாண்டு கடந்து வாழ்க! ஒரு வேண்டுகோள்: ஜூன் மாதம் ஒருநாள் வந்து கடைசி பெஞ்சில் அமருங்கள். வளைவெளி வடிவியல் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்.

என்றும் தங்கள் அன்பில் சுழலும்
கணிதத் துறையினர்,
விழுப்புரம்.