வெறுங்கால் பிணை

— சொன்னா நம்பமாட்டாய் றோசம்மா, ரயில் ஓடினாலும் அவங்களுக்குக் காசு, ஓடாட்டிலும் காசு! இந்தியாவிலை வெள்ளைக்காரன் தண்டவாளம் போட்ட கதையைத்தான் சொல்லுறன். பகல்கொள்ளை!

— கொஞ்சம் ஆறுதலா ஏறுங்கோ. உங்களுக்குக் காலிலை சப்பாத்து. எனக்கு இந்த மலைக்கல்லுச் சுடுது.

— அந்தா, இன்னும் ரெண்டு வளைவு, இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா றொசாலியாவின்ரை குகைக்கோயில் வந்திடும். நீ கேள். லண்டன் கொம்பனிக்காரனுக்கு அரசாங்கம் பிணை நிண்டது. போட்ட காசுக்கு வருசம் ஐஞ்சு வீதம் நிச்சயம். ரயில் உழைக்காட்டி, குறையிறதை அரசாங்கம் கட்டும்.

— நல்ல அரசாங்கம்தானே.

— நல்லதோ? ஆற்றை மடியிலை கைவிட்டு எடுத்தது? வயல் உழுதவன் கட்டின வரி! பிறகு கொம்பனிக்காரன் சிக்கனம் பாப்பானோ? ஒரு பாலம் காணுற இடத்திலை ஒம்பது பாலம். ஆணியைக்கூடப் பொன்னிலை அடிச்சிருப்பான், எஞ்சினுக்குப் பட்டுக் குஞ்சம் கட்டியிருப்பான்!

— பொன் ஆணியை நீங்கள் கண்டனீங்கள்.

— நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவன். ஆனா அநியாயம் மெய். லாபம் அவனுக்கு, நட்டம் ரயிலையே காணாத சனத்துக்கு. நினைக்க நினைக்க வயிறு எரியுது!

— எனக்கு உள்ளங்கால் எரியுது. நாளைக்கு இந்தக் காலோடைதான் நான் வேலைக்குப் போற சிஞ்ஞோரா அம்மா வீட்டு மாடிப்படி கழுவவேணும். சரி, அந்தச் சனத்தை ஆரும் ஒரு வார்த்தை கேட்டவையோ?

— கேக்கிறதோ! மாட்டைக் கேட்டே வண்டில் பூட்டுறது?

— மாதாவே! ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலை மீன்சாப்பாட்டுக் கடை திறக்கேக்கை நீங்கள் என்ன நேர்த்தி வைச்சனீங்கள்?

— தெரியும்தானே. கடை நல்லா ஓடினா என்ரை மனிசி வெறுங்காலோடை மலை ஏறுவாள் எண்டு.

— ஓடாமல் விட்டிருந்தா?

— விட்டிருந்தா... ஓட வைக்கச் சொல்லி ஏறியிருப்பாய்.

— அப்ப ஓடினாலும் என்ரை கால், ஓடாட்டிலும் என்ரை கால்.

— எடியே, எங்கடை சனம் எல்லாம் அப்பிடித்தானே. நான் சோதினை பாஸ் பண்ணினதுக்கு அம்மா நேர்ந்தவ, அக்காதான் ஊரிலை மடுமாதா கோயிலிலை முழங்காலிலை போனவ.

— பாவம் மச்சாள்! காசு லாச்சிக்குப் பின்னாலை இருந்து "என்ரை கடை" எண்டு மீசை முறுக்கிறது நீங்கள், கொப்பளம் எனக்கு. வெள்ளைக்காரன் உங்களிட்டைப் பிச்சை வாங்கவேணும்!

— கோவிக்காதை. ஏன் குந்திட்டாய்? நேர்த்தியைப் பாதியிலை விட்டா றொசாலியா கடையைக் கவிழ்த்துப்போடுவா!

— ஆர் விட்டது? காலமை மெழுகுதிரி கொளுத்தேக்கை அவவிட்டைச் சொல்லிப்போட்டன்: என்ரை கால் கொப்பளிச்சா, மிச்ச மலைக்கு என்ரை மனிசன் பீலிக்ஸ் பிணை எண்டு. இந்தா, பாருங்கோ. கொப்பளிச்சிட்டுது.

— என்னை ஒரு வார்த்தை கேக்காமலோ?

— மாட்டைக் கேட்டே வண்டில் பூட்டுறது? சப்பாத்தைக் கழட்டி இஞ்சை தாங்கோ.