பெரிய வழக்கு இரண்டாகக் கணக்கு

குணவதி அக்கா, எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு பத்தேகாலுக்கெல்லாம் தீர்ந்துவிடும். மாணவர் நீதிபதிகள் மட்டும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் எங்களுக்குள் ஒரு வரிசை உண்டு. மூத்த நீதிபதி முதலில் வாங்குவார், இளையவர் பிறகு. நான் எழுத வந்தது அந்த வரிசையைப் பற்றித்தான். நீங்கள் சட்டம் படிக்கிறீர்கள், உங்களுக்குப் புரியும். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் கட்டொழுங்கு ஆசிரியர் பரஞ்சோதி சார் இந்த ஆண்டு மாணவர் நீதிமன்றம் தொடங்கினார். வழக்குகள் எல்லாம் சின்னவை. நகம் வெட்டாதது, செருப்பை மாற்றிப் போட்டுப் போனது, வகுப்பில் தூங்கியது. நீதிபதிகள் இரண்டு பேர். டிஃபனி இரண்டு வருடம் மற்ற மாணவர்களைக் கண்காணிக்கும் பிரிபெக்டாக இருந்து பதவி உயர்வில் வந்தவள். நான் தேர்வு எழுதி, நேர்முகத்தில் முதலாவதாக வந்து, நேரடியாக நியமிக்கப்பட்டவள். இருவருக்கும் ஒரே நாளில் நியமனக் கடிதம் கொடுத்தார்கள். பெயர்ப் பட்டியலை ஒட்டியபோது என் பெயர் மேலே இருந்தது.

"சார், நான் ரெண்டு வருசம் வெயில்ல ஸ்கூல் கேட்டுக்கிட்ட நின்னவ. இவ நேத்து வந்தவ. எப்படி சார் இவ பேரு எனக்கு மேல?" என்றாள் டிஃபனி.

"ஏபிசி வரிசையில ஷாமளாவோட எஸ் முன்னாடி, டிஃபனியோட டி பின்னாடி. அவ்வளவுதான் லா," என்றேன் நான்.

"டெஸ்ட்ல பாஸ் பண்ணா போதுமா? ஒரு பையனையாச்சும் நீ புடிச்சிருக்கியா?"

"புடிக்கிறது பிரிபெக்ட் வேல. தீர்ப்பு சொல்றதுதான் நம்ம வேல."

பரஞ்சோதி சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தலவலிக்குது லா. ஆகஸ்டு கடைசிக்குள்ள யாரு அதிகமா கேஸ் விசாரிக்கிறாளோ அவதான் சீனியர். ஒரு கேஸ் உனக்கு, அடுத்த கேஸ் அவளுக்கு. பெரிய கேஸுன்னா ரெண்டா கணக்கு. போங்க."

மூத்தவள்தான் தலைமை நீதிபதி. புறப்பாட நடவடிக்கைகளுக்கான மதிப்பெண் முழுசாகக் கிடைக்கும், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது அது சேரும். அம்மாவிடம் இதைச் சொல்லி யார் பக்கம் நியாயம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சுங்கைப் பட்டாணி ஊரிலுள்ள கையுறைத் தொழிற்சாலையில் அம்மாவுக்குப் பதினாறு வருடம். போன வருடம் டிப்ளோமா முடித்த ஒரு பையன் நேராக அம்மாவுக்கு மேலே சூப்பர்வைசராக வந்து உட்கார்ந்தான். "அந்தப் பொண்ணு சொல்றதுதான் நியாயம்," என்று சொல்லிவிட்டு அம்மா தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

ஆகஸ்டு தொடங்கியபோது எனக்குப் பதினொன்று, டிஃபனிக்கும் பதினொன்று. அந்த மாதம் பார்த்து மாணவர்கள் திருந்திவிட்டார்கள். எல்லார் நகமும் வெட்டியிருந்தது. ஒரு நீதிபதிக்கு இதைவிடக் கஷ்டமான காலம் இருக்க முடியாது.

அறிவியல் கூடத்தின் வாசலில் இருந்த செருப்புகளை நான்தான் கலைத்துப் போட்டேன். அந்த வழக்கு முறைப்படி டிஃபனிக்குப் போனது. பிறகு மூன்றாம் படிவ வகுப்புப் பையன் ஒருவனின் பையில் கரும்பலகைத் துடைப்பானை வைத்தேன். அது எனக்கு வந்தது. அடுத்து ஒருவன் உண்மையாகவே வகுப்பில் தூங்கினான், அது அவளுக்கு. நான் பாடுபடப் பாடுபட அவளும் முன்னேறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று, எனக்குப் பன்னிரண்டு, அடுத்த முறை என்னுடையது. ஆகஸ்டில் ஒரு வாரம்தான் பாக்கி. சின்ன வழக்கு வந்தால் இருவரும் சமம். பெரிய வழக்கு வந்தால்தான் பதினான்கு.

சசிதரனை உங்களுக்குத் தெரியும், நம் தோட்டக் குடியிருப்புப் பையன். அம்மாவின் மோட்டார் சைக்கிள் நின்றால் வந்து பார்த்துவிட்டுப் போவானே, அவன்தான். விவசாயக் கழகத்தின் கெளுத்தி மீன் தொட்டியை அவன்தான் பார்த்துக்கொண்டான். பஸ்ஸை நம்பாமல் பள்ளி இருக்கும் பீடோங்குக்குச் சைக்கிளில் வருவான். எல்லாருக்கும் முன்னால் வந்து தீனி போடுவான். வீட்டில் மிஞ்சிய சோற்றையும் கொண்டுவருவான்.

தண்டனை பெற்றவர்கள் கழிவறை கழுவுவார்கள். அதனால் துப்புரவுச் சாமான் அறையின் சாவி நீதிபதிகளிடம் இருக்கும். எதை எடுத்தாலும் சாவிப் புத்தகத்தில் எழுத வேண்டும். அந்த வாரம் ஒரு நாள் பள்ளி முடிந்ததும் நான் எழுதினேன்: பெயர், தேதி, நேரம், பிளீச் இரண்டு போத்தல். எழுதாமல் எடுப்பது திருட்டு.

மறுநாள் காலை இருநூற்றுப் பதினான்கு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. எண்ணியவன் சசி. தோள்வரை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டிருக்கிறான். தொட்டியருகே முதலில் இருந்தவன் என்று அவன் மேலேயே வழக்கு வந்தது. விசாரணையில் அவன் கையை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பிளீச் வாடை அடித்தது. அது நல்ல சாட்சியம் அக்கா, நான் தயாரித்தது இல்லை, தானாக வந்தது.

"நான் ஏன் ஷாமளா கொல்லப் போறேன்?" என்றான்.

"நீதிபதின்னு கூப்புடு."

"சரி, நீதிபதி. நான்தானே சோறு போட்டேன்?"

தீர்ப்பை மலாய் மொழியில் நான்கு பக்கம் எழுதினேன். இவ்வளவு நீளமான தீர்ப்பை யாரும் எழுதியதில்லை என்று பரஞ்சோதி சாரே சொன்னார். சசியை இரண்டு வாரம் பள்ளிக்கு வர வேண்டாம் என்றார்கள். அவன் பிறகும் வரவில்லை. கோலா கெடாவில் மாமாவோடு படகிலிருந்து மீன் பெட்டி இறக்குகிறானாம். அவனுக்கு மீன் பிடிக்கும். அந்த வகையில் எனக்கு நிம்மதி.

பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் 'மூத்தவர்' என்று எழுதினார்கள். சாவிப் புத்தகத்திலும் இனி மூத்தவர்தான் மேல் வரியில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சாரிடம் கேட்டு வாங்கினேன். அங்கேதான் தப்பு நடந்தது. முன்பெல்லாம் தன் பெயர் எத்தனை தடவை மேலே இருந்தது என்று காட்டுவதற்காக டிஃபனி பழைய பக்கங்களைப் புரட்டியிருக்கிறாள். மீன்களைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. பிளீச் இரண்டு போத்தல் என்ற வரி கண்ணில் பட்டிருக்கிறது. பக்கத்திலேயே தேதி.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் என்னை நிறுத்தினாள். "நீ எழுதிவெச்சிட்டா போய்க் கொன்ன?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. சாரிடம் மனு கொடுத்துவிட்டாள். வெள்ளி, சனி வார விடுமுறை முடிந்து நாளை ஞாயிறு, பள்ளி திறந்ததும் மறுவிசாரணை.

ஆமாம், நான்தான் ஊற்றினேன். அதை மறைக்கப் போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. சசியின் தீர்ப்பு ரத்தானால் அந்த இரண்டு எண்ணிக்கையும் போய்விடுமா? குற்றவாளி மாறினாலும் விசாரித்தது நான்தானே?

இன்னொன்றும் இருக்கிறது. நாளைய வழக்கு முறைப்படி டிஃபனிக்குப் போக வேண்டும். ஆனால் மூத்தவர் மேல் வரும் வழக்கை இளையவர் விசாரிக்கக் கூடாது என்று சார் முதல் நாளே விதி எழுதி ஒட்டியிருக்கிறார். இன்றைய பட்டியல்படி நான்தான் மூத்தவள். அப்படியானால் என் வழக்கை விசாரிக்க என்னைத் தவிர ஆள் இல்லை. அதுவும் பெரிய வழக்கு, இரண்டாகக் கணக்கு.

யாரும் பயப்பட வேண்டாம் அக்கா. நான் எப்போதும் போல நியாயமாகத்தான் தீர்ப்புச் சொல்வேன்.