அமைதி ஐயாவின் கடவாப்பல்

— ரெண்டு மணிக்காரங்க, ரெண்டரை மணிக்காரங்க, பல்செட் மாட்ட வர்ற வாத்தியார்... எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லிட்டியா? என்னை ஒரு வார்த்தை கேக்காமலேயா?

— கேட்டா வேணாம்னு சொல்லுவ அக்கா. அதான் கேக்கல.

— கூடப் பொறந்தவளாச்சேன்னு கிளினிக்ல சேர்த்துக்கிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். இங்க டாக்டர் நானா, நீயா?

— நீதான், நீயேதான்! கோவிச்சுக்காதேக்கா, இன்னைக்கு ஒரு நாள்! அமைதி ஐயா வர்றாரு! போட்டோ இல்ல, வீடியோ இல்ல, அவரே! அதோ அந்தச் சேர்ல உட்காரப் போறாரு! சத்தியமா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

— காலையிலேர்ந்து தரையை மூணு தடவை தொடச்சிருக்க. எக்ஸ்ரே மிஷினுக்குக்கூட சோப்பு போட்டிருக்க. ஓடாத கையா இது?

— இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு. பின்பக்கத்து வழியா வருவாங்களாம். யாருக்கும் தெரியக் கூடாதாம். நீ அந்தப் பழைய கோட்டை மாத்திக்கோயேன், பாக்கெட்டுல மை கொட்டியிருக்கு.

— வலின்னு வர்றவர் என் கோட்டையா பார்க்கப் போறாரு? கேட்டுக்கோ, வாயைத் திறந்தா வாத்தியாரும் ஒண்ணுதான், உங்க ஐயாவும் ஒண்ணுதான். மனுஷப் பிறவிக்கு முப்பத்திரண்டுதான். ஞானம் வந்தவருக்கு முப்பத்தி மூணாவதா ஒண்ணு முளைக்குமா?

— நீ கிண்டல் பண்ணு, பண்ணு. லட்சம் லட்சமா ஜனங்க கேக்கறாங்க அவரை. எல்லாரும் முட்டாளா? அவ்வளவு பெரிய நடிகர், அவரே சொல்றாரே! “ஐயாகிட்ட போன மூணு மாசத்துல என் முகத்துல ஒரு ஒளி வந்தது, என் சிரிப்பே மாறிடுச்சு”ன்னு. நம்ம முனையிலேயே மூணு மாடி உயரத்துக்கு போர்டு வெச்சிருக்காங்க.

— சிரிப்பு மாறிடுச்சா?

— மாறிடுச்சே. நீயே பாரேன்.

— எங்க மாறுச்சு அந்தச் சிரிப்பு?

— அக்கா, வேணாம்.

— சொல்லுடி. சக்‌ஷன் குழாயைப் பிடிச்சுக்கிட்டு அவரு பக்கத்துல நின்னவ நீதானே?

— ...இங்கதான்.

— மேல ஆறு பல்லு, கீழ நாலு, எல்லாம் நான் மாட்டினது. வெள்ளை போதலைன்னு ரெண்டைத் திருப்பி அனுப்பி மறுபடி செஞ்சு போட்டேன். வெளிய மூச்சு விட்டுடாதே, பேஷண்ட் விஷயம். ஆனா நமக்குள்ள கேக்கறேன், அந்த ஒளியில எனக்குப் பங்கு உண்டா இல்லையா?

— ஐயோ, சிரிக்க வைக்காதேக்கா!

— அவரு பொய் சொல்றார்னுகூட நான் சொல்லல. பாவம், அவரே நம்பிட்டாரு போல. கண்ணாடியில பளிச்சுன்னு தெரிஞ்சா மனசும் பளிச்சுன்னு ஆயிட்ட மாதிரிதான் இருக்கும். அதுக்கு ஐயா பேர் வாங்கிக்கறாரு, அவ்வளவுதான்.

— சரி, நடிகர் கதை நடிகரோட போகட்டும். என் கதை? நாலு மணி நேரம் அந்த லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு, இருட்டுல கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வெளிய தூக்கினப்புறம் பதினோரு மாசம் வீட்டு வாசலைத் தாண்டாதவ நான். எத்தனை டாக்டர், எத்தனை மாத்திரை! யாரு என்னை எழுப்பினது? நீயே சொல்லு, பல்லுக் கதையெல்லாம் இல்லாம சொல்லு.

— அவரு குரல்தான். நான் இல்லைன்னு சொன்னேனா?

— சொல்லலியா?

— சொன்னதே இல்ல. ஒரு பேஷண்ட் போன்ல அனுப்பின பேச்சு அது. உனக்குக் கொண்டு வந்து போட்டுக் குடுத்ததே நான்தானே! நீ உள்ள கேட்டுக்கிட்டு இருப்ப, நான் வெளிய கதவுல முதுகைச் சாய்ச்சுக்கிட்டுக் கேட்பேன். பதினோரு மாசம். எனக்கே மனப்பாடம்டி.

— அப்புறம் ஏன் அவரைக் கண்டா உனக்கு ஆகல?

— பேச்சு நல்ல பேச்சு. பேசினவரு எப்படின்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவ்வளவுதான் சொல்றேன். அது சரி, அந்த ட்ரேக்கு அடியில என்ன கவரு?

— எந்தக் கவரு?

— கையால மறைச்சா தெரியாதா? குடு இப்படி.

— அக்கா, அது என்னோடது. பிரிக்காதே... அக்கா!

— “முழுநேரத் தொண்டராக என்னை ஏற்றுக்கொள்ளும்படி...” என்னடி இது?

— இன்னைக்கே சொல்லலாம்னுதான் இருந்தேன்.

— “வீடு, வேலை, உறவு அனைத்தையும் விட்டு, ஆயுள் முழுவதும்...” ஆயுள் முழுவதுமா?

— அங்க அப்படித்தான்க்கா எழுதணும். வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டு ஆளுங்க வந்து பார்க்கலாம்.

— நான் உனக்கு வீட்டு ஆளா! வருஷத்துக்கு ஒரு தடவை! போன்?

— போன் கிடையாது.

— நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதான் காலையிலேர்ந்து தரை பளபளன்னு இருக்கா? போகப் போற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வருதுன்னு தொடச்சியா?

— அழாதேக்கா.

— நான் ஒண்ணும் அழல. ஸ்பிரிட் நெடி. இங்க பாரு, நமக்கு அப்பா அம்மா இல்ல. எனக்கு நீ, உனக்கு நான். அந்தப் பதினோரு மாசமும் நான் கல்யாணப் பேச்சை எடுக்கல, ஊரு சுத்தப் போகல, ஒரு நாள் உன்னைத் தனியா விடல. வாசல் கேட்டு வரைக்கும் ஒரு அடி, ரெண்டு அடின்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். அந்தக் குரலுக்குக் கை இருந்துச்சா? இருக்கட்டும், அதைச் சொல்லிக் காட்டக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

— நீ இல்லாம நான் இல்ல. சத்தியமா. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள இன்னும் பயம் இருக்குக்கா. இன்னைக்கும் மாடிக்குப் படியிலதான் ஏறறேன். அவரு பக்கத்துல இருந்தா அதுவும் போயிடும். அவருக்குப் பயமே கிடையாது, அப்படி ஒரு மனுஷர்! பயமே இல்லாத ஒருத்தர் பக்கத்துல ஆயுசு பூரா இருக்கறது எப்பேர்ப்பட்ட பாக்கியம்!

— மருந்து எழுதிக் குடுத்தவரு நல்லவரா இருக்கலாம். அதுக்காக அவரு வீட்டுக்கே குடி போயிடுவியா?

— கார் சத்தம்! அக்கா, கார் சத்தம்! வந்துட்டாரு! கவரைக் குடு!

— இந்தா, பிடி. ஆனா ஒண்ணு. முதல்ல பல்லு, அப்புறம் கவரு. வேலை முடியற வரைக்கும் நீ என் அசிஸ்டென்ட். சம்மதமா?

— சம்மதம், சம்மதம்! மாஸ்க்கை மாட்டு! வாங்க ஐயா, வாங்க! பார்த்து, படி இருக்கு.

— அமைதி உண்டாகட்டும், குழந்தைகளே.

— ஐயா... ஐயா, நான்... எனக்குப் பேச்சே வரல ஐயா.

— வராத பேச்சும் அழகுதான். அழகு. இந்த அறையும் அழகு. எவ்வளவு வெளிச்சம்! கூட வந்தவங்க காரிலேயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். நாலு பேர் பார்க்கிற அளவுக்கு இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை பாருங்க.

— உட்காருங்க. தலையைப் பின்னால சாய்ச்சுக்கங்க. நான்தான் டாக்டர். இவ என் தங்கச்சி. எத்தனை நாளா வலி?

— வலி உடம்புக்கு, டாக்டர். நான் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கேன்.

— எத்தனை நாளா பார்த்துக்கிட்டு இருக்கீங்க?

— எட்டு மாசம்.

— எட்டு மாசமா! வாயைத் திறங்க. ம்... கடவாப்பல், கீழ வலது பக்கம். பாதி பல்லையே காணோம். அழுகல் நரம்பைத் தொட்டாச்சு. அந்தப் பக்கம் மெல்லவே மாட்டீங்களே?

— அந்தப் பக்கத்தை மறந்தே போயிட்டேன். ஞாயித்துக்கிழமை மைதானத்துல பெரிய கூட்டம், டாக்டர். கன்னம் வீங்கிடக் கூடாது.

— வீங்காது. இப்பவே நரம்பை எடுத்துடலாம். தங்கச்சி, ஊசி.

— எது?

— ஊசி ஐயா. மரத்துப் போறதுக்கு. ஒரே ஒரு ஊசி.

— ஊசியா? வாய்க்குள்ளேயா? ஊசின்னு யாரும் சொல்லவே இல்லையே! அந்த நடிகர் மருந்து தடவுவாங்கன்னுதானே சொன்னாரு!

— அவருக்கும் ஊசி போட்டுத்தான் செஞ்சோம். நல்லா திறங்க.

— இருங்க, இருங்க, இருங்க. ஐயோ, எவ்வளவு நீளம்! வேற வழி இல்லையா? மாத்திரை குடுங்க. எட்டு மாசம் தாங்கினவன் இன்னும் எட்டு மாசம் தாங்கிக்கறேன். அடுத்த வாரம் வரேன். என் செருப்பு எங்க?

— ஐயா, எழுந்திருக்காதீங்க, தலைக்கு மேல விளக்கு இடிக்கும்!

— மூச்சு முட்டுதும்மா! ஜன்னலைத் திற! யாரும் உள்ள வரக் கூடாது, அவங்க யாரும் என்னை இப்படிப் பார்க்கக் கூடாது! என் கையைப் பிடிச்சுக்கோ, விடாதே, விடாதே!

— பிடிச்சிருக்கேன் ஐயா. விட மாட்டேன்.

— பார்த்தியாடி? எப்படி நடுங்கறாரு பாரு. பயமே கிடையாதுன்னியே! துணியெல்லாம் நனையற அளவுக்கு வேர்வை.

— மெதுவா பேசுக்கா, அவருக்குக் கேட்டுடப் போகுது. சிரிக்காதே. லிஃப்ட்டுக்குள்ள நானும் இப்படித்தான் இருந்தேன். இதே மாதிரிதான் ஜன்னலைத் திற, ஜன்னலைத் திறன்னு இல்லாத ஜன்னலைத் தேடினேன்.

— ...சரி, சிரிக்கல. என்ன பண்ணலாம்? இப்படியே விட்டா சீழ் கழுத்துக்கு இறங்கிடும். நான் சொன்னா கேக்கற நிலைமையில அவரு இல்ல.

— ஊசியைப் பின்னால மறைச்சுப் பிடி. என்கிட்ட விடு. ஐயா... ஐயா, இங்க பாருங்க. என்னைப் பாருங்க.

— பயமா இருக்கும்மா. சின்ன வயசுலேர்ந்தே. எனக்கு வெக்கமா இருக்கு.

— இருக்கட்டும் ஐயா. நடுங்கற உடம்பைத் திட்டாதீங்க. அது உங்களைக் காப்பாத்தத்தான் பார்க்குது, அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பயம் போகட்டும், அப்புறம் நடக்கலாம்னு காத்துக்கிட்டு நிக்காதீங்க. அது நிக்கறவன் பக்கத்துலதான் நிக்கும். நடுங்கிக்கிட்டே ஒரு அடி வைங்க. ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு அது போதும்.

— ஏய், அவருக்குக் கேக்காம சொல்லு... இது அவரு பேச்சுதானேடி! கதவுக்கு வெளிய சாய்ஞ்சுக்கிட்டு நான் கேட்டதுதானே? ஒரு வார்த்தை மாறல!

— சும்மா இரு அக்கா. ஐயா, கேட்டீங்களா? ஒண்ணே ஒண்ணு. என்ன அடி தெரியுமா? வாயை ஒரு விரல் அளவு திறக்கறது.

— ஒரு விரல்தானே?

— ஒரே விரல். நடுங்கட்டும், பரவாயில்ல. அழகு. இப்போ ரெண்டு விரல். கண்ணை மூடிக்கங்க. என் கையை எவ்வளவு வேணும்னாலும் அழுத்துங்க, உடையாது. அக்கா, வா. மெதுவா.

— வந்துட்டேன்... ம்... அப்படியே... அப்படியே... முடிஞ்சது.

— என்னது முடிஞ்சது?

— ஊசி போட்டாச்சு ஐயா!

— போட்டாச்சா? எப்போ? நான் கத்தவே இல்லையே! டாக்டர், நான் கத்தினேனா?

— இல்ல. பெரிய ஆளுங்க நிறைய பேர் இதுக்குள்ள என் விரலைக் கடிச்சிருப்பாங்க. நீங்க கடிக்கல. அஞ்சு நிமிஷம் மரத்துப் போகட்டும்.

— அடடா! அறுபது வருஷமா துரத்தின பூதம்! குழந்தை, என்ன சொன்ன நீ? திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு! நிக்கறவன் பக்கத்துலதான்...

— நிக்கறவன் பக்கத்துலதான் பயமும் நிக்கும். நடுங்கிக்கிட்டே ஒரு அடி.

— ஆகா! எப்பேர்ப்பட்ட வார்த்தை! எனக்கு எழுதிக் குடுக்க ஆறு பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் இப்படி வராது. நான் படிச்சுட்டுப் போறதுல பாதி மேடையை விட்டு இறங்கும்போதே எனக்கு மறந்துடும். இது மறக்காது! ஞாயித்துக்கிழமை மைதானத்துல இதைத்தான் சொல்லப் போறேன்.

— உங்களுக்கு... இதை எங்கேயும் கேட்ட ஞாபகம் இல்லையா ஐயா?

— இல்லையேம்மா. கேட்டிருந்தா நான் ஏன் இத்தனை வருஷம் ஊசிக்குப் பயந்துக்கிட்டு இருக்கப் போறேன்? அழகு, அழகு! இதைச் சொன்னது யாரு?

— நான்தான் ஐயா சொன்னேன். வாயை நல்லா திறங்க. அக்கா, அந்தக் கவருக்கு இனி வேலை இல்ல, நீ டிரில்லை எடு.