ஆலாக்குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்த ஜீவராணி

துயரம் கனத்த இந்த மேடையில் வீற்றிருக்கும் கோயில் தலைவர் அவர்களே, கொழும்பிலிருந்து வந்திருக்கும் கடற்பறவைக் காப்பு அமைப்பின் அதிகாரி இன்ஷிரா அவர்களே, ஓப்பநாயக்கவிலிருந்து மழையில் நனைந்து ஏறி வந்திருக்கும் தோட்டத்து உறவுகளே, வணக்கம்.

நான் சின்னத்தம்பி. முப்பது வருடம் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் புல்லுவெட்டுக் கங்காணி. பிறகு ஆறு வருடம், அந்த அமைப்பின் தீவு முகாமுக்குத் தலைவி, மறைந்த திருமதி ஜீவராணியின் கீழ் வேலை செய்தவன். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவரின் கீழேதான்! அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நம் பெண்கள் குவைத்துக்குப் போனார்கள், லெபனானுக்குப் போனார்கள். ஜீவராணி எங்கே போனார்? இரண்டு நாள் படகோட்டத்துக்கு அப்பால், நடுக்கடலில் கிடக்கும் ஆளில்லாத தீவுக்கு! "குருவி மேய்க்கவா போற?" என்று சிரித்தீர்களே, நானும்தான் சிரித்தேன். ஆலா என்னும் அந்தக் கடற்பறவை ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதையும் கூடு கட்டாமல், செடியடியில் வெறுந்தரையில் இடும்.

முதல் வருடம், வெளியிலிருந்து வந்து பரவிய ஒரு செடியை மட்டும் வெட்டச் சொன்னார்கள். ஜீவராணியையும் சேர்த்துப் போன எட்டுப் பேரும் தோட்டத்து ஆட்கள். புல் மிஞ்சினால் அரைநாள் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும் என்று பழகிய கைகள். ஜீவராணி தீவின் வடகரைக்குப் போயிருந்த இரண்டு நாளில் நான்தான் அதட்டினேன்: "மண்ணு தெரியணும்டா! தேயிலை மலை மாதிரி சுத்தமா இருக்கணும்!" எல்லாவற்றையும் வெட்டினோம். அவர் திரும்புவதற்குள் குஞ்சுகள் பொரிந்தன; நிழல் இல்லை. நானூறு குஞ்சுகள், ஐயா, நானூறு! ஒரே பகலில் வெயிலில் சுருண்டு செத்தன.

"அனே ஐயோ, சின்னத்தம்பியண்ணே, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?" என்று ஜீவராணி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஆனால் அறிக்கையில் யார் பெயரை எழுதினார்? தன் பெயரை! "நான் சரியா சொல்லிக் குடுக்கலண்ணே, அது என் தப்பு" என்றார். வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகளை ஒவ்வொன்றாக மண்ணில் ஊன்றி, மேலே ஓலை பரப்பி, மிஞ்சிய குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தார். அடுத்த மழைக்குச் செடி நட்டார். ஐந்தாம் வருடம் ஒன்பதாயிரம் சோடி ஆலாக்கள் வந்து இறங்கின. அந்தச் சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்காது.

பிறகு ஒரு மீன்பிடி வள்ளம் கரையில் மோதியது. அதிலிருந்து எலி இறங்கியது. எலி முட்டையோடு விடுமா? குஞ்சை உயிரோடு தின்றது. ஒரே பருவத்தில் பாதி போய்விட்டது. ஜீவராணி தீவு முழுக்க வரிசை பிடித்து எலி மருந்து வைத்தார். அப்போதுதான் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அவரை ஏற்றிப்போகப் படகும் வந்தது. "இன்னும் மூணு வரிசை இருக்குண்ணே, படகைத் திருப்பி அனுப்புங்க" என்றார். அனுப்பினேனே, பாவி! அடுத்த படகு வர நான்கு நாள் ஆனது. எலிக்காய்ச்சல். இந்த இரத்தினபுரி மாவட்டத்தில் அதை அறியாத வீடு உண்டா? நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டார்.

அந்த மூன்று வரிசையும் அப்படியே கிடக்கிறது. எலி மறுபடியும் பெருகுகிறது. ஆலாக்கள் வர இன்னும் ஐந்து வாரம்தான். கூட வந்த மற்ற ஆறு பேரும் போதும் என்று விலகிவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எட்டுப் பேர் சேராவிட்டால் முகாமை மூட வேண்டியதுதான் என்று இன்ஷிரா அவர்கள் கண்கலங்கச் சொன்னார். நான் தைரியமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு நம்பிக்கையே இல்லை. இருந்தும் அறுபத்தொரு வயதில் ஜீவராணியின் இந்தப் படத்தின் முன் சத்தியம் செய்கிறேன்: சனிக்கிழமை நான் கிளம்புகிறேன்.

என்கூட யார் வர்றீங்க? கையைத் தூக்குங்க.

ஒருத்தரும் இல்லையா?

யாரது பின்னால எழும்புறது? ஷாமிளாவா? ஜீவராணி பெத்த புள்ளையா? வேணாம்மா. உங்கம்மாவைக் குடுத்தது போதும். உட்காரு.

உட்காருன்னு சொல்றேன்ல!

உட்கார மாட்டேங்குதுங்க.

சரி, ரெண்டு பேர். இன்னும் ஆறு பேர் வேணும். தலையைக் குனிஞ்சுக்காதீங்க. அந்தப் புள்ள நிக்குது, பாருங்க.