வலது குதிகால்

எங்கள் ஊர்க்காரர்கள் கால் கழுவுவதில் அவ்வளவு அக்கறை காட்ட மாட்டார்கள். தக்காளித் தோட்டத்துச் சேறு காய்ந்தால் தானே உதிர்ந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் கதை வேறு. பெரிய வியாழன் சாயங்காலம் சர்ச்சில் சாமியார் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் உட்காரவைத்து, வலது காலைக் கழுவித் துடைத்து முத்தம் கொடுப்பார். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக நடப்பது. அந்தப் பன்னிரண்டில் ஒருவராக உட்காருவது எங்கள் பங்கில் பெரிய மரியாதை. இதைத் தெரிந்துகொண்டால்தான் இன்ஸ்பெக்டர் மேடம், நான் சொல்லப்போகிற மற்றது உங்களுக்குப் புரியும்.

என் பெயர் இனிகோ. பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போகிற ரோட்டில் லேசர் கிளினிக் வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. பெங்களூரில் ஒரு கிளினிக்கில் ஏழு வருஷம் லேசர் மிஷின் ஓட்டியவன். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை சேலத்திலிருந்து டாக்டர் பிரியதர்ஷினி வருவார். போர்டில் இருப்பது அவர் பெயர்தான். ஜனங்கள் என்னை டாக்டர் என்று கூப்பிட்டால் நான் திருத்துவதில்லை. திருத்தினால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

வயதானவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் மேல்தோலை லேசரால் சன்னமாக எடுத்துவிட்டால், வெயிலில் கெட்டுப்போனது போய்ப் புதுத்தோல் வளரும், தோல் புற்று வருவது குறையும் என்று படித்திருந்தேன். அது வெள்ளைக்காரர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி. நம் தோலுக்கு ஆகும் என்று அதில் இல்லை. ஆகாது என்றும் இல்லை. அதனால் ஆரம்பித்தேன்.

முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் என் மாமனார் அல்போன்ஸ். எழுபத்திரண்டு வயது. ஐம்பது வருஷம் தக்காளிக் காட்டில் வெயிலைத் தின்றவர். அவர் மகள் பிளசியை எனக்குக் கொடுத்தபோது, "மூஞ்சிக்கு மாவு பூசற வேலைதானே" என்று என் காதுபடச் சொன்ன மனுஷன். லேசருக்குப் பிறகு கழுத்துத் தோல் தெளிந்ததும் ஆளே மாறிவிட்டார். மண்டியில் தக்காளியை இறக்கிவிட்டு நேராக கிளினிக்குக்கு வந்து, வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க மாப்ள டாக்டருங்க, புத்து வராம முன்னாடியே தடுத்துடுவாரு" என்பார். எனக்கு அதைக் கேட்கப் பிடித்திருந்தது. வாசலில் அவர் படத்தையே பேனராக வைத்தேன். ஐம்பது வருஷ வெயில், ஒரு குறையும் இல்லை என்று எழுதினேன். பேனர் வைத்த மாதத்திலிருந்து கூட்டம் நிற்கவில்லை.

உங்கள் பைலுக்கு அடியில் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கிறது. வந்ததிலிருந்து அதைத் தொடாமலே கேள்வி கேட்கிறீர்கள். நானாகச் சொல்கிறேனா என்று பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. சொல்கிறேன். அவசரமில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பெரிய வியாழனுக்கு மாமனார் பெயர் அந்தப் பன்னிரண்டு பேர் பட்டியலில் வந்தது. மறுநாளே வந்து செருப்பைக் கழற்றினார். வலது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கருப்பு.

"இந்தக் காலை எப்படிங்க மாப்ள சாமியார் கையில குடுக்கறது? ஊரே பாக்கும். கத்தி கித்தி வேணாங்க, கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்க. வெளிச்சத்துலயே எடுத்துடுங்க."

பத்து நிமிஷ வேலை. கருப்புப் புள்ளி எதுவானாலும் டாக்டர் பார்க்காமல் சுடக்கூடாது என்பது பெங்களூரில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்த பாடம். லேசர் நிறத்தைத்தான் எரிக்கும், அடியில் இருப்பதைத் தொடாது. எனக்குத் தெரியும். ஆனால் பெரிய வியாழனுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். பீடத்துக்கு முன்னால் அந்தக் கால் பச்சைப் பிள்ளையின் கால் போல இருந்தது. சாமியார் முத்தம் கொடுத்தபோது மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அதற்கு முன்னால் நான் பத்து வருஷம் காத்திருந்தேன்.

ஐப்பசியில் அது திரும்ப வந்தது. ஓரம் கலைந்து, கொஞ்சம் அகலமாக. அன்றைக்குச் சனிக்கிழமை, டாக்டர் மேடம் இருந்தார். காலைத் தூக்கி ரொம்ப நேரம் பார்த்தார். மாமனாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், "நம்ம ஊர்க்காரங்களுக்கு வெயில் படாத இடத்துலதான் இந்தக் கருப்புப் புற்று வரும் இனிகோ. நாளைக்கே துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். லேசர் கிட்டயே போகாதீங்க" என்றார். சீட்டிலும் எழுதினார். ஆமாம், அந்த மஞ்சள் சீட்டுதான்.

நான் அதை மேஜை டிராயரில் வைத்தேன். கிழித்துப் போடவில்லை, அதைக் கவனியுங்கள். தப்பு செய்கிறவன் கிழித்திருப்பான்.

மாமனார் கத்திக்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அவரைக் கேட்டாயா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவில்லை. கேட்டால் பயந்திருப்பார். பேனரில் இருக்கிறவருக்கே வந்துவிட்டது என்று தெரிந்தால் மற்றவர்களும் பயந்திருப்பார்கள். ஒருவருக்காக இத்தனை பேர் நம்பிக்கையைக் கெடுப்பது நியாயமாகப் படவில்லை. அடுத்த முறை டாக்டர் மேடம் விசாரித்தபோது, வெளியே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருக்கிறார் என்றேன். மாமனாரைச் சனிக்கிழமைகளில் வர வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன்.

பிளசிக்குத்தான் சந்தேகம் வந்தது.

"என்னங்க, அப்பா காலு திரும்பக் கருக்குதே. டெஸ்ட்டு எதாச்சும் எடுத்தீங்களா?"

"அனுப்பியாச்சு. ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு."

அவள் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். மாமனார் கோழி அடித்தார். குழம்பு நன்றாக இருந்தது, நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனாலும் சந்தேகம் அவளை விட்டுப் போகவில்லை. ரிசல்ட் தாளைக் காட்டச் சொல்லி ஒரு முறை கேட்டாள், கிளினிக்கில் இருக்கிறது என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை. நான் சாப்பிடும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் ஒருவர் நம்மை அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். அதை யாரும் யோசிப்பதில்லை.

மொத்தம் ஏழு முறை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் கால் சுத்தமானது. கடைசி முறை இந்த வருஷப் பெரிய வியாழனுக்கு ஒன்பது நாள் முன்னால். தோல் சரியாக ஆறவில்லை. சாமியார் துடைத்துவிட்டு எடுத்தபோது வெள்ளைத் துண்டில் ரத்தம். கோயில் முழுக்கப் பார்த்தது. மாமனார் மட்டும் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லீங்க சாமி, எங்க மாப்ள பாத்துக்குவாரு" என்றார்.

அன்றைக்கே பிளசி என்னைக் கேட்காமல் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தொடை இடுக்கில் கட்டி இருந்தது. அவர் அதை ஆறு மாதமாக வேட்டிக்குள் மறைத்து வைத்திருந்தாராம். அதைச் சொன்னால் என் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்தாராம். புற்று நுரையீரல் வரைக்கும் போயிருந்தது. ஆவணியில் இறந்தார். கடைசி வாரம் மூச்சு வாங்கும்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிளசி அந்தப் பக்கம் நின்று எங்கள் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என் மேஜை டிராயரைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தது அதற்கு அடுத்த நாள் என்று நினைக்கிறேன்.

மாமனாருக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஐப்பசியிலிருந்தே தெரியும். நான் எடுத்தது நோயை இல்லை, அது கண்ணில் படுவதை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வேறு யாருக்காவது செய்தாயா என்று கேட்டீர்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் ஒருவர் வந்தார். நஞ்சப்பன், அறுபத்தெட்டு வயது, தக்காளிக்காரர். மாமனார் சொல்லி அனுப்பியவர், இறந்த சேதி அவருக்குத் தெரியாது. இடது உள்ளங்காலில் அதே கருப்பு, அதே ஓரம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பேனரைக் காட்டி, "இவருக்கு செஞ்ச மாதிரியே எனக்கும் செஞ்சுடுங்க" என்றார்.

செய்தேன்.

அவர் ஊர், போன் நம்பர் எல்லாம் ரிஜிஸ்டரில் இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன் மேடம். அவரிடம் ஆள் அனுப்பாதீர்கள். கால் சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறார். இருக்கிற கொஞ்ச நாளும் அப்படியே இருக்கட்டும்.