முகம் வைக்காத மெழுகுப் பெடியன்

கரண்ட் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தா விடிஞ்சிடும். கிட்ட வாங்கோ. தனுஜன், அந்தப் போனை நிப்பாட்டு, வெளிச்சம் கண்ணில குத்துது. இது நான் கட்டின கதை இல்லை. என்னோட புவாண்ட்-கிளேரில வேலை செய்யிற அஞ்சலீனாவின்ர பெரியம்மா இமெல்டாவுக்கு நடந்தது. மனுசி இப்பவும் செயின்ட்-மிஷேலிலதான் இருக்கிறா.

திங்கக்கிழமை, பின்னேரம் நாலரை. ஜனவரி எண்டபடியா இருட்டிப்போச்சு. மெட்ரோவால இறங்கி வந்தா, மியூசியத்துக்குப் பின்னால ஒரு ஒழுங்கை. ஒரு சனம் இல்லை. உறைஞ்ச பனி சப்பாத்துக்குக் கீழ நறுக்... நறுக்... எண்டுது. இமெல்டா அங்க துப்புரவு வேலை. திங்களில மியூசியம் பூட்டு, அண்டைக்குத்தான் கூட்டித் துடைக்கிறது.

அந்த மாதம் ஒரு இத்தாலிக்காரச் சிற்பியின்ர கண்காட்சி. ஆள் நாப்பது வருசமாச் செய்த எல்லாத்தையும் கொண்டுவந்து வைச்சிருந்தாங்கள். வெண்கலம், கல், சாந்து... கடைசி அறையில ஒண்டே ஒண்டு. கதிரையில குந்தியிருக்கிற ஒரு பெடியன், முழுக்க மெழுகு. முகம் வைக்க முதல் சிற்பி செத்துப்போனாராம். கண், மூக்கு, வாய் ஒண்டும் இல்லை. மழமழ எண்டு முட்டை மாதிரி.

"நிலத்தை மட்டும் துடையுங்கோ அக்கா, சிலையில கை படக்கூடாது" எண்டு காவலுக்கு நிக்கிற இரவிச்சந்திரன் சொன்னவன். இமெல்டாவும் நல்லாத் தலையாட்டினா. ஆனா மன்னார் வேதக்காரி... கோயில் சுரூபம், சிலை எண்டு ஒண்டைத் தாண்டிப் போகேக்க கை சும்மா இருக்குமோ? பாதத்தைத் தொட்டு, தொட்ட விரலை வாயில வைச்சுக் கொஞ்சிப்போட்டா. பழக்கதோசம்.

பாதம் சுட்டது... காய்ச்சல்காரன்ர கால் மாதிரி.

இமெல்டாவுக்கு ஒரே மகன், டனிஸ்ரன். பத்தொன்பது வயசில, கடைசிச் சண்டையில காணாமல் போனவன். உடம்பும் இல்லை, செய்தியும் இல்லை. வருசா வருசம் நவம்பரில செத்த ஆக்களின்ர பேரைக் கோயில்ல வாசிப்பினம். புருசன் சாகேக்கையும் கெஞ்சினவர், "பெடியன்ர பேரையும் குடு இமெல்டா, அவன்ர ஆத்துமம் அலையக்கூடாது." குடுக்கேல்லை. "என்ரை பிள்ளை செத்தவன் இல்லை" எண்டுட்டா. அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டுதான் மனுசி பதினைஞ்சு வருசம் உயிரோட இருந்தது.

ரெண்டாம் திங்கள் பாதத்தைத் தொட்டு மகன்ர பேரைச் சொன்னா. மூண்டாம் திங்கள்... முட்டையில மூக்கு வந்திருந்தது. வாய்ச் சொண்டு வந்திருந்தது. கண் மட்டும் மூடியபடி. டனிஸ்ரன்! போன அண்டைக்கு இருந்த அதே முகம். இரவிச்சந்திரனைக் கூப்பிட்டா. அவன் டோர்ச் அடிச்சுப் பாத்திட்டு, "ஒண்டும் இல்லையே அக்கா, வெறும் மெழுகுதானே. வீட்ட போய்ப் படுங்கோ" எண்டான்.

நாலாம் திங்கள் கன்னம் ஒட்டி, தாடி. அஞ்சாம் திங்கள் தகப்பன்ர மாதிரி முன்நெத்தி ஏறி, வாய்க்கரையில ரெண்டு கோடு. அப்பத்தான் இமெல்டாவுக்கு விளங்கினது. செத்தவனுக்கு வயசு போகாது. வீட்டுச் சுவரில இருக்கிற படம் இண்டைக்கும் பத்தொன்பதுதான். இதுக்கு வயசு போகுது... அப்ப மகன் எங்கையோ இருக்கிறான்! வாளியைப் பக்கத்தில வைச்சிட்டு நிலத்தில இருந்து அழுதா. பதினைஞ்சு வருசத்தில அப்பிடி ஒரு சந்தோசம் அவ காணேல்லை.

ஆனா கண்காட்சி முடிஞ்சுது, அடுத்தநாள் எல்லாத்தையும் பெட்டியில அடைச்சு இத்தாலிக்கு ஏத்தப்போறாங்கள். எங்க இருக்கிறான் எண்டு மட்டும் கேட்டிடவேணும். சுரூபத்திட்ட ஒரு காரியம் கேக்கிறதெண்டா வெறுங்கையோட கேக்கேலாது, மெழுகுதிரி கொளுத்தவேணும். கைப்பையில ஒண்டு கிடந்தது. கொளுத்தினா. பிள்ளையின்ர முகம் வடிவாத் தெரியட்டும் எண்டு கிட்ட உயத்திப் பிடிச்சா. கண்ணை மூடி ஒரு பரலோக மந்திரம் சொன்னா. பேந்து கேட்டா, "எங்க ராசா நிக்கிறாய்?"

யோசிச்சுப் பாருங்கோ. மெழுகுப் பிள்ளை... மெழுகுதிரி...

டொக்.

டொக்... டொக்...

நிலத்தில ஏதோ சொட்டுது. மெழுகு மணம் இல்லை. மயிர் கருகிற மணம். கண்ணைத் திறந்தா... அவனும் திறந்திருந்தான். அவவைத்தான் பாத்துக்கொண்டிருந்தான். நாடி வழிஞ்சு நெஞ்சில தொங்குது. நெத்தி கரைஞ்சு கண்ணுக்கு மேல இறங்குது. வாய் அசைஞ்சது.

"அம்மா... சுடுகுது."

திரியை எறிஞ்சிட்டு ரெண்டு கையாலயும் அள்ளினா. வழிஞ்ச முகத்தை அள்ளி அள்ளித் திரும்ப அப்பினா. மூக்கு எங்க, வாய் எங்க எண்டு விரலால தேடினா. தடவத் தடவ எல்லாம் மழமழ எண்டு போச்சுது.

சத்தம் கேட்டு இரவிச்சந்திரன் ஓடி வந்தான். சிலையில ஒரு கீறல் இல்லை. நிலத்தில ஒரு சொட்டு இல்லை. முந்தி இருந்த மாதிரியே முட்டை முகம். இமெல்டா பாதத்தைத் தொட்டுப் பாத்தா... பச்சைத் தண்ணியாக் குளிந்திருந்தது. அவவின்ர உள்ளங்கை ரெண்டும் மட்டும் கொப்பளிச்சுக் கிடந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, இமெல்டா சுவாமியாரிட்டப் போய் மகன்ர பேரைக் குடுத்தா. கையில சீலைக்கட்டு. சுவாமியாருக்குக் கண் கலங்கிப்போச்சு. இப்பவாவது மனம் ஆறினாளே எண்டு நினைச்சிருப்பார். பேரை எழுதினார். செத்த திகதிக்கு இடம் விட்டிருந்தது.

"எப்ப மகள்? ரெண்டாயிரத்தி ஒன்பது எண்டு போடட்டோ?"

"இல்லைச் சுவாமி" எண்டா இமெல்டா. "போன திங்கக்கிழமை."